புள்ளலூரில் இரண்டு தூண்கள்

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைதான்: சாமி கும்பிடுவது, கல்யாணப் புடவை எடுப்பது. ஊருக்கு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருப்பதை அவர்கள் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. அங்கே வயல்வெளியில், உச்சி கூம்பிய இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன.

எங்கள் தெரு டீக்கடையில் ஒரு பையன் அதைப் பற்றிக் கேட்டான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவன்.

“அண்ணா, அந்தத் தூணுக்குக் கீழ யாரு இருக்காங்க?”

“ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிங்க தம்பி.”

“அப்போ சண்டையில செத்த மத்தவங்க எங்கண்ணா?”

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் ஒரு டீயில் அடங்காது. இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

1780ஆம் வருடம் ஜூலையில் மைசூர் ஹைதர் அலி மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். படை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று எழுதுவார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. பக்சார் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ தலைமையில் ஒரு படை காஞ்சிபுரத்துக்கு வந்து இறங்கியது. குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 2,800 பேரோடு தெற்கே வந்து இந்தப் படையோடு சேர வேண்டும் என்பது திட்டம்.

பெய்லி ஆகஸ்ட் 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். அன்றைக்கு ஆற்றைக் கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி மேற்கே பெய்த மழையில் ஆறு பெருகிவிட்டது. நம் பக்கத்து ஆறுகளைத் தெரிந்தவர் யாரும் அப்படித் தங்கமாட்டார்கள். கடந்து போக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஹைதரின் மகன் திப்பு, பேரம்பாக்கம் பக்கத்தில் அவரை மறித்துக்கொண்டார். செப்டம்பர் 6ஆம் தேதி அங்கே சுட்ட பீரங்கிச் சத்தம் காஞ்சிபுரம் வரை கேட்டது. மன்றோ கிளம்பவில்லை. படைக்கு வேண்டிய அரிசியெல்லாம் இங்கே கோயில் மதிலுக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கர்னல் ஃபிளெட்சர் என்பவரோடு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பி வைத்தார். அவர்கள் 9ஆம் தேதி பெய்லியோடு சேர்ந்தார்கள்.

அன்று ராத்திரி நடந்த படை, நடுவழியில் விடியும்வரை நின்றது. ஏன் நின்றது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 10ஆம் தேதி காலை புள்ளலூரில் திப்பு ஒரு பக்கம், ஹைதர் இன்னொரு பக்கம். மைசூர்க்காரர்களின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பாய்ந்தன. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதோடு கதை முடிந்தது. கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை இப்படி ஓர் அடி விழுந்ததில்லை.

மன்றோ அன்று காலைதான் காஞ்சியிலிருந்து புறப்பட்டிருந்தார். வழியில் புகை தெரிந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொன்னது, காயம்பட்டுத் தப்பி வந்த ஒரு சிப்பாய். மன்றோ திரும்பி வந்து, தூக்கிக்கொண்டு ஓட முடியாத பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். செய்தி சொன்ன அந்தச் சிப்பாயின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

(சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ வேறு ஆள், அவர் தாமஸ் மன்றோ. ஆனால் அவரும் அந்த வாரம் இதே காஞ்சிபுரத்து முகாமில்தான் இருந்தார். கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகாத 19 வயதுப் பையன். சென்னைக்குத் திரும்பிப் போன படையோடு அவரும் போனார், பிழைத்தார், கவர்னரானார், சிலையானார். அதே முகாமிலிருந்து ஃபிளெட்சரோடு போன பத்தொன்பது வயதுச் சிப்பாய்களை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது கணக்கைப் பாருங்கள். பெய்லியின் படையில் ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர். அதில் செத்தவர்களும், பிழைக்காத அளவுக்கு அடிபட்டவர்களும் 36. காயத்தோடு பிடிபட்டவர்கள் 34. காயமில்லாமல் பிடிபட்டவர்கள் 16. கூட்டிப் பார்த்தால் 86 சரியாக வரும். ஓர் ஆள் விடுபடவில்லை. சிப்பாய்கள் எத்தனை பேர் செத்தார்கள்? புத்தகத்துக்குப் புத்தகம் ஓர் எண். எல்லாம் ஆயிரக்கணக்கில், பூஜ்யத்தில் முடிகிற எண்கள். அந்தப் படையில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலும் தெலுங்குச் சீமையிலும் சேர்த்த ஆட்கள்தான். எதிர்ப்பக்கத்தில் ஹைதருக்காகச் செத்தவர்கள் கதையும் இதேதான், அதை மறக்கக் கூடாது.

பிடிபட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் செத்தார். அவருக்கு அங்கே 1816இல் அவர் உறவினர் நினைவு மண்டபம் கட்டினார். இன்றும் இருக்கிறது. வெற்றி பெற்ற திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போரைச் சுவர் முழுக்க வரையச் செய்தார். பல்லக்கில் பெய்லி, வெடிக்கிற மருந்து வண்டி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கிற சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். அந்தக் காட்சியின் காகித ஓவியம் ஒன்று 2022இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. தோற்ற தளபதிக்கு மண்டபம், ஜெயித்தவருக்குச் சித்திரம்.

செத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றுதானே தம்பி கேட்டான்? அடுத்த வருடம், 1781 ஆகஸ்ட் 27ஆம் தேதி, சர் அயர் கூட் அதே இடத்தில் ஹைதரோடு மோதினார். போன வருடம் ஜெயித்த மண் என்பதால் ஹைதர் வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். கூட்டின் ஆட்கள் நடந்து போன தரையில் பெய்லி படையின் எலும்புகளும் மண்டையோடுகளும் அப்படியே கிடந்தன. ஒரு வருடமாக யாரும் புதைக்கவில்லை, எரிக்கவில்லை. அந்த இரண்டாம் சண்டையில் விழுந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கும், கூட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது பீரங்கிக் குண்டு பட்டுச் செத்த கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கும்தான் அந்த இரண்டு தூண்கள்.

“பேரு தெரியாததால எழுதல போல” என்றான் தம்பி.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். பெயர் தெரியும் தம்பி. கம்பெனிப் படையில் மாதாமாதம் ஆஜர் பட்டியல் எடுத்துத்தான் சம்பளம் கொடுப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குச் சம்பளம் கிடையாது. உங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. முதலாளி பாவு கொடுக்கும்போது யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு கூலி பாக்கி என்று நோட்டில் பெயர் எழுதாமல் கொடுப்பாரா? அதுபோலத்தான். காசு கணக்குக்கு வேண்டியபோது ஒவ்வொருவனுக்கும் பெயர் இருந்தது. கல் வெட்டுகிற நேரத்தில்தான் இல்லாமல் போனது. உடல் கிடைக்காமல் போவது போரின் குணம். பெயர் எழுதாமல் விடுவது உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1780 பழைய காலம், அப்போதெல்லாம் அப்படித்தான் என்று நினைக்கலாம். நினைக்க வேண்டாம், நூற்றைம்பது வருடம் கழித்தும் அதையே செய்தார்கள், அதுவும் சமத்துவம் பேசிக்கொண்டே.

முதல் உலகப் போரின் நடுவில், 1917 மே மாதத்தில், ஃபேபியன் வேர் என்பவர் முயற்சியால் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் பிறந்தது. இன்று அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அதன் கொள்கை உண்மையிலேயே நல்ல கொள்கை: செத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர், கல்லறை இருந்தால் கல்லறையில், இல்லாவிட்டால் நினைவுச் சுவரில். பதவி, பணம், மதம் எதிலும் வேற்றுமை இல்லை. பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 1927இல் திறந்த நினைவிடத்தில், உடல் கிடைக்காத 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஐரோப்பாவில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இராக்குக்குப் போங்கள். மெசபடோமியா என்று அப்போது பெயர். இந்தியப் படை மிக அதிகமாகச் செத்தது அங்கேதான்; கூட் அல் அமாரா முற்றுகையில் ஐந்து மாதம் பட்டினி கிடந்து 1916 ஏப்ரலில் சரணடைந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் அந்தப் போர்முனையில் இருந்தார்கள். கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பஸ்ராவில் 1929இல் ஒரு பெரிய நினைவிடம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் சுவரில் பெயர். இந்திய அதிகாரி என்றால் பெயர். இந்தியச் சாதாரணச் சிப்பாய் என்றால் படைப்பிரிவின் பெயரும், அதற்குக் கீழே ‘மற்றவர்கள் இத்தனை’ என்று ஓர் எண்ணும். அவ்வளவுதான். பட்டியல் கையில் இருந்தது. கல்லில் வேண்டாம், பதிவேட்டில் போதும் என்று முடிவெடுத்தார்கள். 1997இல் சதாம் உசேன் அந்த நினைவிடத்தையே பெயர்த்து நாசிரியா சாலைப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார். எண்கள் எண்களாகவே போய்ச் சேர்ந்தன.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அந்த ஆணையமே ஒரு குழு போட்டு ஆராய்ந்து 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அறிக்கை வந்த அன்று பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நம் ஊர்ப் பக்கமும் இதற்குச் சாட்சி உண்டு. தமிழ்நாட்டில் பல கிராமங்களில், 1914 முதல் 1919 வரை பெரிய போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய சின்னப் பலகைக் கல் இருக்கும். பள்ளிக்கூடச் சுவரில், சாவடியில், எங்காவது. பத்து வீடு தள்ளி அம்மா இருக்கிறாள், அப்பா பெயர் தெரியும், தெரு தெரியும். அந்தக் கல்லிலும் எண்தான். டெல்லி இந்தியா கேட் சுமார் 70,000 இந்திய வீரர்களின் நினைவாகக் கட்டியது. அதில் வெட்டிய பெயர்கள் 13,000 சொச்சம்.

ஆனால் ஒரு வேடிக்கை. போரில் செத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும், 12 சென்டிமீட்டர் அகலத்தில், கை நிறையும் ஒரு வெண்கல வட்டத் தகடு அனுப்பினார்கள். சுமார் 13 லட்சம் தகடுகள் வார்த்தார்கள். அதில் செத்தவரின் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. சாவில் எல்லாரும் சமம் என்பதற்காகப் பதவியை விட்டார்கள். அதாவது, பஸ்ராச் சுவரில் எண்ணாக இருக்கிற பையன், ஏதோ ஒரு வீட்டுப் பரணில் முழுப் பெயரோடு இருக்கிறான். எத்தனை தகடு ஈயம் பித்தளைக்காரரிடம் எடைக்குப் போனதோ!

“இங்க நம்மாளுங்க எப்படிண்ணா செஞ்சாங்க, ராஜா காலத்துல?”

அதே புள்ளலூரையே எடுத்துக்கொள்வோம். ஹைதருக்கு முன்னால், ஆயிரத்து நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், அங்கே ஒரு போர் நடந்தது. புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் முக்கியமான பகைவர்களை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவன் சாளுக்கியன் புலிகேசி என்பது ஆய்வாளர் கணிப்பு. புலிகேசி தரப்பில் கேட்டால் வேறு கதை: பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று 634இல் வெட்டிய ஐஹொளெக் கல்வெட்டு எழுதி வைத்திருக்கிறது. இரண்டு அரசர்களும் தங்களைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். அந்தப் புள்ளலூரில் விழுந்தவர்களைப் பற்றிச் செப்பேட்டிலும் ஒரு சொல் இல்லை. அரசவைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது, வெள்ளைக்காரனானால் என்ன, பல்லவனானால் என்ன.

ஆனால் ஊர் வேறு மாதிரி. அதே மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். மாடுபிடிச் சண்டையில் எருமைகளுக்காக உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு. அவன் யாரிடம் வேலை பார்த்தான், எந்த ஆட்சியாண்டு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற நாய். அதற்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். மகேந்திரவர்மன் காலத்தில் எருமைச் சண்டையில் நின்ற நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவனுக்காகப் புள்ளலூரில் செத்தவன் பெயர் தெரியவில்லை.

செங்கம் வட்டாரத்தில் மட்டும் இப்படி நடுகற்கள் ஏராளம். நாகசாமி தலைமையில் இயங்கிய தமிழகத் தொல்லியல் துறை அவற்றைத் தேடி எடுத்துப் புத்தகமாகப் போட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்கள் இன்னும் பழையவை, தமிழ் பிராமி எழுத்தில். கூடலூர் ஆநிரைச் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்று ஒரு பெயர் அதில் நிற்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக. கல்லைத் தேடுவது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நடுகல் என்பது பிணத்தை மூடும் கல் அல்ல. உடல் எங்கே போனாலும் ஊரார் கல் நடலாம். கல்லறை இல்லை என்ற குறையை நம்மவர்கள் அன்றைக்கே தாண்டியிருந்தார்கள். பெயர் இல்லை என்ற குறையை மட்டும் வைத்துக்கொள்ள மறுத்தார்கள்.

சடங்கிலும் அப்படித்தான். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையாலோ புரச இலைக் காம்புகளாலோ ஓர் உருவம் செய்து அதற்கே தகனம் செய்வது சாஸ்திரத்தில் உண்டு. மகாளய பட்சத்தில் சதுர்த்தசி திதி, ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கிய நாள். இறந்த திதியே தெரியாதென்றால் அமாவாசை. காஞ்சியில் சர்வதீர்த்தக் குளக்கரையில் அன்றைக்குப் போய் நின்று பாருங்கள். ஒவ்வொருவரும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். எண்ணிக்கையைச் சொல்லி யாரும் தர்ப்பணம் விடுவதில்லை. சட்டம் இவ்வளவு பொறுமை காட்டாது. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்று முடித்துவிடும்.

தம்பியின் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை. அதனால் நானே சொன்னேன். இப்போது நிலைமை அப்படி இல்லை. டெல்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் தேதி திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கருங்கல்லில், ஒவ்வொருவருக்கும் ஒன்றாக இருக்கின்றன. சிப்பாய்க்கும் அதே அளவுக் கல்தான், மேஜருக்கும் அதே அளவுதான். நாம் இதற்கு எழுபது வருடம் எடுத்துக்கொண்டோம் என்பது தனிக் கதை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ அவர் அண்ணன் தம்பியோ முதல் போருக்கோ இரண்டாம் போருக்கோ போய்த் திரும்பவில்லை என்று பேச்சிருந்தால், பரணையும் பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். முதல் போர்ப் பதக்கத்தின் ஓரத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும், துடைத்தால் தெரியும். அந்த விவரத்தை வைத்துக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் போர்ப் பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், செங்கல்பட்டு ஜில்லா வரை பல பெயர்களுக்குக் குறித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நம் பெயர்களை அவர்கள் எழுதிய விதம் கண்டபடி இருக்கும். நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். பெயர் இல்லையென்றால் சான்றோடு ஆணையத்துக்கு எழுதுங்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலை அங்கே இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய தாள் ஒருவேளை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.